இருவருக்கு ஒரு வில்லை

சுரங்கத்தின் வாசலில் ஒரு மரப்பலகை இருந்தது. பலகை நிறைய ஆணிகள். உள்ளே போகிற ஒவ்வொருவரும் தன்னுடைய பித்தளை வில்லையை ஓர் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போகவேண்டும். வெளியே வரும்போது மறக்காமல் கழற்றிக்கொள்ள வேண்டும். பாறைக்கு வெடி வைப்பதற்கு முன்னால் வெடிக்காரர் வாசலுக்குத் தொலைபேசி போட்டு, "பலகை சுத்தமா?" என்று கேட்பார். ஒரே ஒரு வில்லை தொங்கினாலும் அன்றைக்கு வெடி கிடையாது. அந்த வில்லைக்குரியவர் வெளியே வந்து நிற்கும்வரை அத்தனை பேரும் காத்திருக்க வேண்டியதுதான்.

பறவைக் கணக்கெடுக்க வந்தவளுக்கும் அவளுடைய மாமனாருக்கும் சேர்த்து ஒரே வில்லைதான் கொடுத்திருந்தார்கள். அதில் 'பறவை' என்று பொறித்திருந்தது.

"வில்லை அடிக்கிறவர் லீவுல போயிருக்கார் பறவையம்மா," என்றார் கேட்காரர். வந்த முதல் நாளே அவளுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டவர் அவர்தான். "நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே போறீங்க, ஒண்ணாத்தானே வர்றீங்க. இதை வெச்சு ஓட்டுங்க."

மாமனாருக்கு ஒரே சிரிப்பு. அவர் வாழ்நாளெல்லாம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். "முப்பது வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன். மாமனாரும் மருமகளும் ஒரே டிக்கெட்ல போய் நான் பாத்ததில்ல. இங்க நடக்குது பாரும்மா," என்றார்.

சுரங்கத்தை இன்னும் அகலப்படுத்த வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் சுற்றுவட்டாரத்தில் வேட்டையாடும் பறவைகளையும், மனிதர்கள் வேட்டையாடித் தின்னும் பறவைகளையும் கணக்கெடுக்க வேண்டும் என்பது விதி. அந்த வேலைக்காகத்தான் அவள் வந்திருந்தாள். வேலை முடிந்து கைவிடப்பட்ட பழைய பாறைச்சுவரில் ஒரு ராஜாளி கூடு கட்டியிருந்தது. கூட்டில் மூன்று குஞ்சுகள். வேலிக்கு வெளியே புதர்க்காட்டில் கௌதாரிகளும் காடைகளும் இருந்தன. உதவிக்கு வரவேண்டியவர் மஞ்சள்காமாலை வந்து படுத்துவிட்டார். கணவன் மருத்துவமனையில் நர்ஸ். பிள்ளையையும் பார்த்துக்கொண்டு வேலைக்கும் போகவேண்டும். யாரைக் கூப்பிடுவது என்று அவள் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, "வீட்ல உக்காந்து சுவத்தைப் பாக்குறதுக்கு, அங்க வந்து மலையைப் பாக்குறேன்," என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர் மாமனார். புறப்படும்போது கணவன் ஒன்றே ஒன்றுதான் சொன்னான். "அவருக்கு இன்ஜின் பக்கத்துக் காது சுத்தமா கேக்காது. இன்னொண்ணும் அரைகுறைதான். கொஞ்சம் பாத்துக்கோ."

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவரும் அவளைப் பார்த்துக்கொண்டார். அவர்களுக்குக் கொடுத்த இரண்டு அறை வீட்டில் காலையில் முதலில் எழுந்து வெந்நீர் போடுகிறவர் அவர். பறவைகளின் பெயர் மட்டும் அவருக்கு மண்டையில் ஏறவே இல்லை. ராஜாளியை 'பெரியவர்' என்பார். கௌதாரியை 'அந்தக் குண்டு' என்பார். வெடிக்காரருக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார். அந்த மனிதர் யாரோடும் பேசமாட்டார். வணக்கம் சொன்னால் தலையை ஓர் அங்குலம் அசைப்பார், அவ்வளவுதான். "ஊமைக்கோட்டான். இதையும் உன் கணக்குல சேத்துக்கோம்மா," என்று மாமனார் காதோடு சொல்வதாக நினைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வார். அவளுக்கு உயிர் போகும். வெடிக்காரர் காதில் விழுந்ததோ இல்லையோ, அவர் முகம் மாறியதே இல்லை.

உண்மையைச் சொன்னால் அவளுக்கு அந்த மனிதரைக் கண்டால் பயம்.

அன்றைக்குக் கௌதாரிக் கணக்கு பின்தங்கியிருந்தது. கௌதாரி வெயில் ஏறுவதற்கு முன்னால்தான் நன்றாகக் கூவும். ராஜாளிக் கூட்டையும் அதே நேரத்தில்தான் பார்க்கவேண்டும். தாய்ப்பறவை எத்தனை முறை இரை கொண்டுவருகிறது, எந்தக் குஞ்சுக்குக் கொடுக்கிறது என்று ஒருவர் கண்ணெடுக்காமல் உட்கார்ந்து குறிக்க வேண்டும். ஒருத்தியால் இரண்டையும் செய்ய முடியாது.

"நான் கூட்டைப் பாக்குறேன். நீ உன் குண்டுகளைப் பாத்துட்டு வா," என்றார் மாமனார்.

"தனியா இருப்பீங்களா மாமா?"

"நான் என்ன பால்குடியா? ஃப்ளாஸ்க்ல காப்பி இருக்கு, பாக்குறதுக்குப் பெரியவர் குடும்பம் இருக்கு. போம்மா."

பாறைச்சுவருக்கு எதிரே அவள் ஒரு மறைகுடில் கட்டியிருந்தாள். சாக்குத்துணியில் அந்த இடத்துப் பாறைப்பொடியையே குழைத்துப் பூசி, மேலே வலை போட்டு, கற்களை அடுக்கி, பத்தடி தள்ளி நின்றாலும் தெரியாதபடி செய்திருந்தாள். ரோந்து வண்டி தினமும் அதைக் கடந்து போகும், ஒருநாளும் நின்றதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. மாமனாருக்குப் பாறை நிறத்தில் ஒரு சட்டையும் கொடுத்திருந்தாள். அவரை உள்ளே உட்காரவைத்துவிட்டு, வழக்கமாகச் சொல்வதையே சொன்னாள்: "வாக்கிடாக்கியை அணைச்சு வெச்சிடுங்க மாமா. கரகரன்னு சத்தம் வந்தா தாய் கூட்டுக்கு வராது. நான் வர்ற வரைக்கும் எதுக்காகவும் போடாதீங்க. என்ன நடந்தாலும் வெளிய வராதீங்க."

"உத்தரவு," என்று சலாம் வைத்தார்.

அவள் வாசலுக்கு வந்தபோது கேட்காரர் தண்ணீர் லாரிக்குத் தடுப்பைத் தூக்கிக்கொண்டிருந்தார். அவள் பலகையைக் கடந்து போனாள். கை நீண்டது, 'பறவை' வில்லையைக் கழற்றியது, சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டது. தினமும் செய்து பழகிய கை. அது அவளைக் கேட்கவே இல்லை.

புதர்க்காட்டில் அவளுடைய வேலை இதுதான். சின்ன ஒலிபெருக்கியில் ஆண் கௌதாரியின் கூவலை ஒலிக்கவிடுவாள். வேறோர் ஆண் தன் இடத்துக்கு வந்துவிட்டானே என்ற கோபத்தில் அந்தப் பகுதிக்காரக் கௌதாரி பதிலுக்குக் கூவும். எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு தூரத்திலிருந்து என்று குறித்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகர்வாள். அன்றைக்கு நல்ல பதில் கிடைத்தது. ஒரு புதரில் இரண்டு ஆண் கௌதாரிகள் மாறிமாறிக் கத்தி ஒன்றையொன்று ஏசிக்கொண்டன. கேட்க வேடிக்கையாக இருந்தது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வருவதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

அப்போது சுரங்கத்தில் சங்கு ஊதியது.

கௌதாரிகள் சட்டென்று அடங்கின. அவள் நிமிர்ந்து பார்த்தாள். வெடி எப்போதும் வெயில் சாய்ந்த பிறகுதான். அந்நேரம் அவளும் மாமனாரும் வீட்டில் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். தட்டு லேசாக அதிரும். இப்போது ஏன்? பிறகுதான் மேகத்தைப் பார்த்தாள். புரிந்தது. பாறையில் துளைபோட்டு வெடிமருந்து நிரப்பியாகிவிட்டது. மின்னல் வந்தால் அந்த மருந்து யார் சொல்லையும் கேட்காது. அதனால் மழை வருவதற்கு முன்பே வெடித்து முடிக்கப் பார்க்கிறார்கள்.

பயப்பட ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பலகையைப் பார்ப்பார்கள். வில்லை தொங்கும். ரோந்து வண்டி போய் மாமாவை அழைத்துவந்துவிடும். மனம் இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய கை சட்டைப்பையைத் தொட்டது.

உள்ளே வில்லை இருந்தது.

உடம்பிலிருந்த சூடெல்லாம் கால்வழியாக வடிந்து மண்ணில் இறங்கிவிட்டது போல் இருந்தது. பலகை சுத்தம். ரோந்து வண்டிக்குக் குடில் தெரியாது. வாக்கிடாக்கி அணைந்திருக்கிறது. சங்கு கேட்கிற காது அவருக்கு இல்லை. ஒவ்வொரு கதவாக அவளே தன் கையால் சாத்தி, தாழும் போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

தன்னுடைய வாக்கிடாக்கியைப் போட்டாள். விரல் இரண்டு முறை நழுவியது. "உள்ள ஆள் இருக்கு. கேக்குதா? உள்ள ஆள் இருக்கு." பதிலுக்கு இரைச்சல்தான் வந்தது. மேகத்துக்குள் எங்கோ ஓடிய மின்னல் ஒவ்வொரு சொல்லையும் நறுக்கிப் போட்டது. யாரோ ஒருவர், "வெடி நேரம், யாரும் பேசாதீங்க, அலைவரிசையை விடுங்க," என்றார். இரண்டாவது சங்கு ஊதியது. மூன்றாவது ஊதினால் முடிந்தது.

ஓடினாள். ஓட ஓடக் கத்திக்கொண்டே ஓடினாள். யாரிடம் பேசுகிறோம் என்ற நினைவுகூட இல்லை. "மாமா, மாமா" என்றுதான் வாயில் வந்தது. முள் கிழித்தது. தலைக்கவசம் எங்கோ விழுந்தது. கடவுளே, கடவுளே என்று மனம் வேறொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தினமும் விளக்கேற்றி, கண்ணை மூடிக்கொண்டு, சொல்லிச்சொல்லி வழவழப்பான வேண்டுதல்களைச் சொல்கிறவள்தான். அன்றைக்கு அதில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட மட்டும்தான் முடிந்தது. அதுவே போதும் என்பது பிறகுதான் நமக்குத் தெரிகிறது.

வாசலில் கேட்காரர் தடுப்பை இறக்கிவிட்டு நின்றிருந்தார். அவள் வந்த கோலத்தைப் பார்த்து, "என்னம்மா, பாம்பா?" என்றார்.

"மாமா உள்ள இருக்காரு."

"இல்லியே. பலகை சுத்தமா இருக்கே."

அவள் வில்லையை எடுத்து நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். அவருடைய உதடுகள் வெளுத்துப்போயின. அறைக்குள் பாய்ந்து தொலைபேசியை எடுத்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. "எடு சாமி, எடு," என்று அவர் முணுமுணுத்தார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது சங்குக்காக அவளுடைய காது இரண்டும் ஏங்கிக் கிடந்தன, வரவே கூடாது என்ற ஏக்கம்.

சங்கு வரவில்லை. வந்தது ஒரு வண்டிதான். வெடிக்காரர் இறங்கினார்.

"யாரு உள்ள?" என்றார்.

அவள் சொன்னாள். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். அவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். இடுப்புப் பட்டையிலிருந்து ஒரு சாவியை எடுத்து அவளுக்குக் காட்டினார். "வெடிப்பெட்டிச் சாவி. பூட்டிட்டுத்தான் வந்திருக்கேன். ரேடியோவுல 'மாமா'ன்னு ஒரு குரல் கேட்டுச்சு. வேற ஒண்ணும் புரியல. ஆனா யாரும் சும்மா அப்படிக் கூப்பிடமாட்டாங்க." அவர் வாயிலிருந்து அவள் கேட்ட முதல் நீண்ட பேச்சு அது.

பிறகு வானத்தைப் பார்த்தார். "நான் பூட்டிட்டேன். மின்னலை யாரு பூட்டுறது? இந்த நேரத்துல யாரையும் உள்ள விடக்கூடாது. எனக்கும் அந்தச் சட்டம்தான். ஆனா அந்தக் குடில் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது."

"நான் காட்டுறேன்."

"போனையும் ரேடியோவையும் இங்கயே வெச்சிடுங்க. மருந்துகிட்ட அது வேண்டாம்."

கேட்காரர் தன் தலைக்கவசத்தைக் கழற்றி அவள் தலையில் வைத்து, வார்ப்பட்டையையும் தானே மாட்டிவிட்டார். "நான்தாம்மா ஒரு வில்லையைக் குடுத்தேன்," என்றார்.

உள்ளே போகும் பாதை, மருந்து நிரப்பிய பாறைப்படிக்குக் கீழே வளைந்து போகிறது. மேலே வரிசை வரிசையாகத் துளைகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மஞ்சள் குழாய் எட்டிப்பார்த்தது. எல்லாக் குழாய்களையும் ஒன்றோடொன்று கோத்திருந்தார்கள். காற்றில் அவை மெல்ல அசைந்தன. அவள் எத்தனையோ முறை அந்த இடத்தைக் கடந்திருக்கிறாள். அப்போதெல்லாம் அது வெறும் பாறை. இன்றைக்கு அது மூச்சுவிடுவது போல் இருந்தது. வெடிக்காரர் ஒருமுறைகூட மேலே பார்க்கவில்லை. வண்டியை முட்டைமேல் ஓட்டுவதுபோல் ஓட்டினார்.

"பயமா இருக்கா?" என்றார் திடீரென்று.

"ம்."

"எனக்கும்தான்."

அது அவளுக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

வண்டியை விட்டிறங்கி, கற்களுக்கிடையே குனிந்து ஓடி, சாக்குத்துணியை விலக்கினாள். மடக்கு நாற்காலி இருந்தது. ஃப்ளாஸ்க் இருந்தது. மூடியில் பாதிக் காப்பி ஆறிக் கிடந்தது. மாமனார் இல்லை.

"என்ன நடந்தாலும் வெளிய வராதீங்கன்னு சொல்லியிருந்தேன்," என்றாள். குரல் யாருடையதோ போல் இருந்தது. "சொன்னா கேப்பாரு. எப்பவும் கேப்பாரு."

"வேற எங்க போவாரு? ஒதுங்க?"

அவள் குடிலின் சிறு துவாரம் வழியாகக் கூட்டைப் பார்த்தாள். மாமனார் இங்கே உட்கார்ந்து என்ன பார்த்திருப்பார்? கூட்டில் வெள்ளைத் தூவி போர்த்திய இரண்டு தலைகள் தெரிந்தன. இரண்டுதான். மூன்றாவது இல்லை.

"குஞ்சு விழுந்திருக்கு," என்றாள். "அதைப் பாக்கப் போயிருக்காரு."

கோழி குறுக்கே வந்ததென்று நடுச்சாலையில் பேருந்தை நிறுத்தி, பின்னால் வந்த வண்டிகளிடமெல்லாம் திட்டு வாங்கிய மனிதர் அவர். கணவன் அதைச் சொல்லிச்சொல்லிச் சிரிப்பான். ஒரு குஞ்சு கல்லில் கிடந்து துடிப்பதைப் பார்த்துக்கொண்டு குடிலுக்குள் அவரால் எப்படி உட்கார்ந்திருக்க முடியும்?

வெடிக்காரர் பாறைகள் மேல் ஏறி நின்று நாலாபுறமும் பார்த்தார். பாறை நிறச் சட்டையில் ஓர் ஆள் அந்தக் கற்குவியலில் எங்கே தெரியப்போகிறான். அவளே தேடிக் கொடுத்த சட்டை. இடி ஒன்று மேற்கே உருண்டது. இதற்கு முந்தைய இடியைவிட அது பக்கத்தில் கேட்டது.

"அதோ, வெள்ளையா ஒண்ணு," என்றார் வெடிக்காரர்.

பனியன். மாமனார் சட்டையைக் கழற்றியிருந்தார். பாறைச்சுவரின் அடியில், மருந்து நிரப்பிய படியின் ஓரத்திலிருந்து ஒரு வீட்டு முற்றத்தின் தூரத்தில், அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி குந்தியிருந்தார். சட்டையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து எதற்கோ நிழல் கொடுத்துக்கொண்டிருந்தார். வெயில் போய் நேரமாகிவிட்டது. அது அவருக்குத் தெரியவில்லை.

கூப்பிட்டுப் பயனில்லை என்று இருவருக்கும் தெரியும். ஓடினார்கள். கல் காலடியில் சறுக்கியது. தலைக்கு மேலே அந்த மஞ்சள் குழாய்கள். ஒரு மின்னல் வெட்டியபோது அவள் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். இதோ, இதோ என்று காத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. கண்ணைத் திறந்தபோது வெடிக்காரர் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

அவள் மாமனாரின் தோளைத் தொட்டாள்.

அவர் திடுக்கிடவில்லை. மெதுவாகத் திரும்பி, உதட்டில் விரலை வைத்தார். "சத்தம் போடாதம்மா," என்றார். "பயப்படுது."

அவருடைய முழங்காலுக்கிடையில், பஞ்சு உருண்டை போல ஒரு குஞ்சு வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. ஓர் இறக்கை தொங்கியது. கண் மட்டும் கோபமாக இருந்தது.

"மாமா, சங்கு ஊதியாச்சு. எந்திரிங்க."

"இப்பவா?" என்றவர், அவளுக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். மஞ்சள் குழாய்களைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒவ்வொன்றாகப் புரிவதை அவள் கண்ணால் கண்டாள். அந்த முகத்தை அவள் இனி மறக்கப்போவதில்லை. "என்னைத் தேடியா இதுக்குள்ள வந்தீங்க?" என்றார். "நீ எதுக்கும்மா வந்தே? புள்ள இருக்கான்ல உனக்கு?"

எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. வெகுநேரம் குந்தியிருந்ததில் முழங்கால் பூட்டிக்கொண்டது.

"இந்தக் குஞ்சு..." என்றார்.

"விடுங்க மாமா. அதை விடுங்க."

சொன்னவள் அவள்தான். பறவைகளைக் காப்பாற்ற வேண்டுமென்று காடு மேடெல்லாம் அலைகிறவள். குஞ்சைப் பற்றி ஒரு துளிகூட இரக்கம் அப்போது அவளுக்குள் இல்லை. பயம் அத்தனை இடத்தையும் பிடித்துக்கொண்டிருந்தது. அதற்காக அவளை நாம் குறை சொல்லக்கூடாது. பயந்த மனத்தில் ஒருவருக்குத்தான் இடம் இருக்கும்.

வெடிக்காரர் குனிந்தார். "இதை எங்க வெக்கணும்? சீக்கிரம் சொல்லுங்க."

கையால் காட்டினாள். தலைக்கு மேல் எட்டும் உயரத்தில், சுவரில் ஒரு பொந்து இருந்தது. மழை படாது. நரி ஏறாது. குஞ்சின் குரல் கேட்டுத் தாய் வந்து ஊட்டும். அவர் சட்டையோடு சேர்த்துக் குஞ்சை அள்ளினார். அது நகத்தை அவர் உள்ளங்கையில் பதித்தது. அவர் முகம் சுளிக்காமல், கால்விரலில் நின்று எட்டி, பொந்துக்குள் வைத்து, சட்டையை மெல்ல உருவி எடுத்தார். பிறகு மாமனாருக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஏறுங்க."

"நான் கனமா இருப்பேன் தம்பி."

"ஏறுங்கய்யா. அப்புறம் பேசலாம்."

வண்டிவரை அவரை முதுகில் சுமந்தபடியேதான் வந்தார். அவள் பின்னால் வந்தாள், சுமையைத் தாங்குவதுபோல் மாமனாரின் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு. அதனால் வெடிக்காரருக்கு ஓர் உதவியும் இல்லை. அவளால் கையை எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். முதல் மழைத்துளிகள் காசு காசாக விழுந்தன.

வாசலைத் தாண்டி, காவல் கொட்டகைக்குள் நுழைந்து, மாமனாரைப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். கேட்காரர் ஒரு துண்டை எடுத்து அவர் தோளில் போர்த்தினார். மழை பிடித்துக்கொண்டது. சுரங்கத்துக்கு நேர்மேலே வானம் ஒருமுறை வெளுத்தது.

தரை தூக்கிப் போட்டது. கொட்டகையின் தகரம் அலறியது. ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்து விழுந்தது. நெடுநேரம் கல் உருளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

வெடிக்காரர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நான் அமுக்கல," என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை. "நான் அமுக்கல," என்று மறுபடியும் சொல்லிவிட்டு, பெஞ்சில் மாமனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மாமனார் தன் தோளிலிருந்த துண்டில் பாதியை இழுத்து அவர் மேல் போட்டார்.

மழை விட்டபிறகு வெடிக்காரர் அவளிடம் வந்தார். "நான் இதை அப்படியே மேல எழுதித்தான் ஆகணும்மா. வில்லை விஷயம், குடில் விஷயம், நான் உள்ள போனது, எல்லாத்தையும். உங்க வேலையை நிறுத்தினாலும் நிறுத்துவாங்க. என் வேலையும் எப்படியோ."

"எழுதுங்க சார்," என்றாள் அவள். "ஒண்ணையும் விடாம எழுதுங்க. நாளைக்கு இன்னொருத்தர் வருவாங்கல்ல." சொல்லும்போதுதான் உள்ளே ஏதோ கொஞ்சம் இளகியது. உண்மையை மறைக்கச் சொல்லாத மனிதர்கள் மத்தியில் இருப்பதும் ஒரு கொடுப்பினைதான்.

மாலையில் வீட்டில் மாமனார் கணவனோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்லடா. எல்லாம் என்னாலதான். உக்காருன்னா உக்காரணும், நான்தான் எந்திரிச்சுப் போயிட்டேன்." அவள் தொலைபேசியை வாங்கி, நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். வில்லையைக் கழற்றியது தன் கை என்பதையும் சொன்னாள். பிறகு கணவன், "ரெண்டு பேரும் இருக்கீங்கல்ல," என்றான்.

மாமனார் குழாயடியில் பனியனைத் துவைத்தார். அவள் அடுப்பில் உலை வைத்தாள், வைத்துவிட்டு வாசல்படிக்கு வந்து அவரைப் பார்த்தாள், உள்ளே போனாள், மறுபடியும் வந்து பார்த்தாள்.

"இங்கதாம்மா இருக்கேன்," என்றார் அவர் திரும்பாமலே. "நிமிஷத்துக்கு ஒரு தரம் எட்டிப் பாத்தா சோறு குழைஞ்சிடும்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. அரிசி களைந்த தண்ணீர் புடவை முழுக்கச் சிந்தியிருந்தது. ஒரு கதவு காற்றில் அடித்தாலும் உடம்பு தூக்கிப்போட்டது. இந்தப் பயம் இன்றோடு போகிற பயமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. இனி எந்த வாசலைக் கடந்தாலும் இது அவள் கூடவே நடக்கும்.

தொலைபேசி ஒலித்தது. தெரியாத எண். எடுத்தாள்.

மறுபக்கத்தில் பேசிப் பழக்கமில்லாத ஒருவர் தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"நான்தாம்மா," என்றார் வெடிக்காரர். "இப்பத்தான் உள்ள போய்ப் பாத்துட்டு வந்தேன். அந்தச் சுவர் நிக்குது. பொந்துகிட்ட போக விடல. தாய் மேல சுத்திட்டு இருக்கு. அவ்வளவுதான் தெரியும்."

"சரிங்க சார்."

வைத்துவிட்டாரோ என்று நினைத்தாள்.

"பெரியவர் சாப்பிட்டாரா?" என்றார்.

காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அந்தக் கேள்வியில் உடைந்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அவர் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை.

"யாரும்மா அது?" என்று குழாயடியிலிருந்து மாமனார் உரக்கக் கேட்டார்.

"இன்னும் இல்ல சார்," என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இப்பத்தான் உலை வெச்சிருக்கேன். நீங்களும் வாங்க."